ஹாரன் சத்தம் வராமல் மிதித்தவர்கள்

“அண்ணா, மிஷினு ஓடுது! யாராச்சும் புடிங்களேன்!”

மெக்கானிக்காகச் சேர்ந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் முதல் நாள் என் காதில் விழுந்த முதல் வார்த்தை இதுதான். எண்பதுகளின் பிற்பாதி. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். ஆண்கள் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. நான் படித்தது ஒன்றும் பெரிதாக இல்லை. பல்லாவரத்தில் ஒரு கடையில் மிஷினைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்ட வேலை. மிஷின் பேசாது. அதனாலோ என்னவோ, மனுஷர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு அவ்வளவு ஆசை. அந்தக் கம்பெனியில் நான் சேர்த்து வைத்தது பெரும்பாலும் பேச்சுதான். அதிலிருந்து ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

பேப்பர் டெஸ்ட்

திங்கட்கிழமை ஆள் எடுக்கும் நாள். கேட்டில் ‘டெய்லர்கள் தேவை’ என்று போர்டு தொங்கும். பம்மல், அனகாபுத்தூர், பெருங்களத்தூர், வண்டலூர் என்று சுற்று வட்டாரத்திலிருந்து பெண்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். உள்ளே ஒரு பவர் மிஷின். ஊசியில் நூல் இருக்காது. கோடு போட்ட ஒரு பேப்பரைக் கொடுப்பார்கள். கோட்டின் மேலேயே ஊசி ஓட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். நேர்க்கோடு, சதுரம், கடைசியில் வட்டம். முடிந்ததும் பேப்பரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார் ஃப்ளோர் இன்சார்ஜ் சரோஜா மேடம். ஓட்டை கோட்டில் இருந்தால் வேலை உண்டு. விலகினால் இல்லை.

அன்றைக்குக் கத்திய பெண்ணின் பெயர் கஸ்தூரி. பம்மல். முப்பது வயது இருக்கும். கால் மிஷினில் பல வருஷமாக அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்தவள். அவள் போட்டிருந்த ஜாக்கெட்டின் கை வளைவைப் பார்த்தாலே தெரியும், கைதேர்ந்தவள் என்று. அப்படிப்பட்டவளின் பேப்பர் எலி கடித்தது போல் ஆகிவிட்டது.

காரணம் என்னவென்றால், கால் மிஷினில் பாதம் ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும். விரல், குதிகால், விரல், குதிகால். நிறுத்தாமல் ஆட்டினால்தான் தையல் ஓடும். பவர் மிஷினில் அப்படி ஆட்டக் கூடாது. அந்தக் காலத்து கிளட்ச் மோட்டார் பொல்லாதது. விரலால் லேசாகத் தொட்டாலே பாயும். விரலை எடுத்தால் பிரேக் பிடித்து நிற்கும். கஸ்தூரியின் கால் பழக்கத்தில் ஆடுகிறது. மிஷின் பாய்கிறது, நிற்கிறது, மறுபடி பாய்கிறது. போதாததற்கு வலது கை தானாகப் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. கால் மிஷினைக் கிளப்ப அப்படித்தான் சுற்ற வேண்டும். இங்கே கையை எடுத்தால் பேப்பர் கோணிக்கொள்ளும்.

கால் மிஷின் தெரியாதவள் கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். நன்றாகத் தைக்கத் தெரிந்தவள்தான் செய்வாள்.

சரோஜா மேடம் பேப்பரைக் கீழே வைத்தார். “பவர் மிஷின்ல உக்காந்ததே இல்லையாம்மா?”

“கால் மிஷின்ல கண்ண மூடிகினு தைப்பேன் மேடம்.”

“இங்க கண்ணைத் தொறந்துக்கிட்டுத் தைக்கணும். ரெண்டு சான்ஸ்தான் ரூல். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு தடவை வா. அதுவும் போச்சுன்னா கேட்ல வந்து நிக்கக் கூடாது. நான் ஆள் எடுக்கறவ. தர்மம் பண்றவ இல்ல.”

கஸ்தூரி எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “மேடம், எம் பொண்ணு எட்டாவது முடிச்சிருக்குது. வூட்டுக்காரரு குவாரியில கல்லு வுழுந்து காலு ஒடிஞ்சு படுத்துகினு கீறாரு. தி.நகர்ல ஒரு வூட்டுக்குப் பொண்ண வேலைக்கு வுடச் சொல்லி ஒரு அக்கா வந்துகினே கீது. அங்கயே தங்கணுமாம். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள எனக்கு ஒரு வேல கெடைக்கலன்னா அவள அனுப்பித்தான் ஆவணும்.”

மேடம் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டு, “அடுத்த திங்கட்கிழமை,” என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அடுத்து வந்தவள் பிலோமினா. குரோம்பேட்டைக்காரி. புருஷன் ஜான் கம்பெனிக்கு வெளியே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுபவன். அவளும் கால் மிஷின்தான். அதே தப்பு, அதே எலி கடித்த பேப்பர். ஆனால் அவள் அழுகிற ஜாதி இல்லை. பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “இத்தினி ஓட்ட கீதே, இத்த வச்சு இட்லிக்காச்சும் ஆவி வுடலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆட்டோ ஸ்டாண்டில் பயிற்சி

கேட்டுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அடியில் டீக்கடை பெஞ்சு, பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்டு. மத்தியானம் டீ குடிக்கப் போனேன். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணா, நீதான மிஷின் மெக்கானிக்கு?” என்று பிலோமினா பிடித்துக்கொண்டாள். “இன்னாதான் பண்ணணும் அந்தச் சனியன?”

சொன்னேன். குதிகாலுக்கு வேலையே இல்லை. சும்மா கிடக்கட்டும். விரல் மட்டும் அமுக்கணும், அதுவும் பூனை மாதிரி.

கஸ்தூரி தரையிலேயே காலை வைத்துப் பார்த்தாள். சொல்லச் சொல்லக் கால் ஆடியது. “காதுக்குப் புரியுது அண்ணா. காலுக்குப் புரியல,” என்றாள். இத்தனை வருஷத்தில் இதைவிடச் சரியாக ஒருவரும் எனக்கு அந்தச் சிக்கலைச் சொன்னதில்லை.

வெளியாட்களை ஃப்ளோருக்குள் விட எனக்கு அதிகாரம் கிடையாது. பவர் மிஷினை வெளியே எடுத்து வரவும் முடியாது. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பிலோமினா எழுந்து போய் ஜானின் ஆட்டோவிலிருந்து ரப்பர் பந்து ஹாரனைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கையால் அமுக்கினால் ‘பாம்’ என்று கத்துமே, அந்த ஹாரன். தரையில் வைத்துப் பந்தின் மேல் கால் விரலை வைத்தாள். அமுக்கினாள்.

பாம்!

பெஞ்சில் தூங்கிய ஆள் எழுந்துவிட்டான். ஜான் ஓடி வந்தான். “ஏய், இன்னாடி பண்ற? ரப்பரு கிழிஞ்சிடும். ஹாரன் இல்லாம நான் எப்டி சவாரி போறது? வாயால கத்திகினு போறதா?”

“எப்பவும் அத்ததான பண்ற,” என்றாள் அவள்.

விஷயம் சுலபம். சட்டென்று மிதித்தால் ஹாரன் கத்தும். மெல்ல மெல்ல அமுக்கினால் சத்தம் இல்லாமல் காற்று மட்டும் வெளியேறும். கிளட்ச் மோட்டார் கேட்பதும் அந்த மெல்லிசான மிதியைத்தான். குதிகால் தூக்கி ஆடினாலோ, உடனே ஊருக்கே தெரியும். இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்குமா?

அந்த வாரம் முழுக்க மத்தியானம் அங்கே இதே கூத்துதான். கஸ்தூரி பம்மலிலிருந்து நடந்தே வந்து நடந்தே போவாள். முதலில் ஒரே பாம் பாம்தான். ரோட்டில் போகிற சைக்கிள்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மற்ற ஆட்டோக்காரர்கள் விடுவார்களா? “இன்னாக்கா, வண்டியவே காணோம், யாருக்கு ஹாரன் அடிக்கிற?” “சைடு குடுங்கப்பா, பம்மல் எக்ஸ்பிரஸ் வந்துகினு கீது!” கஸ்தூரி தலை நிமிரவே மாட்டாள். நாளாக ஆக சத்தம் குறைந்தது. வியாழக்கிழமை வாக்கில் மரத்தடி அமைதியாகிவிட்டது. டீக்கடைக்காரர், “இன்னிக்கு அந்தப் பொம்பளைங்க வரலியா?” என்று கேட்டுத் திரும்பினால் இருவரும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை உள்ளே ஒரு செய்தி. சட்டை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆர்டரைக் குறைத்துவிட்டான். திங்கட்கிழமை ஒரே ஒரு டெய்லர்தான் எடுப்பார்கள். ஏற்கெனவே ஒரு தடவை டெஸ்டுக்கு வந்து போன பழைய ஆட்களுக்கு முதல் வாய்ப்பு. அந்தப் பழைய ஆட்கள் இந்த இரண்டு பேர்தான். நான் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அந்த நிமிஷமே தோன்றியது.

கஸ்தூரி காலை ஹாரனிலிருந்து எடுத்துவிட்டாள். அது பிலோமினாவின் ஹாரன்.

பிலோமினா அவளைப் பார்த்தாள். “இன்னாத்துக்கு எடுத்த? மிதி. நீ கத்துக்காம போனா மட்டும் எம் பேப்பரு நேரா வந்துருமா?”

எனக்கு மனசு கேட்கவில்லை. கஸ்தூரியிடம் தனியாகச் சொன்னேன், டெஸ்ட் மிஷினின் கிளட்சை நான் கொஞ்சம் தளர்த்தி வைத்தால் அவ்வளவு பாயாது என்று. அவள் நினைத்துப் பார்த்தாள். ஆசை கண்ணில் தெரிந்தது. பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “அத்த நம்பி உள்ள போய்ட்டு, லைன்ல வேற மிஷினு குடுத்தா இன்னா அண்ணா பண்றது? என் ஒருத்திக்காக நீ மிஷின தூக்கிகினே பின்னால வருவியா?”

ஒரு இடம்

திங்கட்கிழமை முதலில் பிலோமினா. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நேர்க்கோடு, சதுரம், வட்டம். வட்டத்தில் ஓர் இடத்தில் கோட்டின் ஓரத்தை உரசியது, அவ்வளவுதான். மேடம் பேப்பரைத் தூக்கிப் பார்த்து, “எடுத்தாச்சு. நாளைக்குக் காலைல வந்துடு,” என்றார். பிலோமினா கஸ்தூரியின் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெளியே போனாள்.

இடம் போய்விட்டது. ஆனாலும் கஸ்தூரியின் பெயர் பட்டியலில் இருந்தது. “வந்தது வந்துட்ட, பண்ணிட்டுப் போ,” என்றார் மேடம்.

கஸ்தூரி உட்கார்ந்தாள். வலது கை பேப்பரை விட்டு நகரவில்லை. மிஷின் கடகடக்காமல் ஓடியது. சதுரத்தில் பாதிக் கோடு போயிருக்கும். அப்போது வெளியே ஜான், பெண்டாட்டிக்கு வேலை கிடைத்த குஷியில், கேட்டு வாசலில் நின்று அமுக்கினான்.

பாம்! பாம்!

கஸ்தூரி சட்டென்று காலை எடுத்துவிட்டாள். மிஷின் நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்தின? கோடு இன்னும் முடியலியே?”

“தப்பு பண்ணிட்டேன் மேடம். ஹாரன் அடிச்சிடுச்சு,” என்றாள் கஸ்தூரி. முகமெல்லாம் வியர்வை.

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் மரத்தடிக் கதையைச் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. குனிந்து பேப்பரைப் பார்த்தார். ஊசி கோட்டின் மேலேயே நின்றது. ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் அந்த மோட்டாரில் கஷ்டம். புதிதாக வருபவர்கள் காலை எடுத்த பிறகும் நாலு தையல் தாண்டிப் போவார்கள். இங்கே ஒரு தையல் கூடத் தாண்டவில்லை.

“முடி,” என்றார்.

முடித்தாள். மேடம் பேப்பரை வெளிச்சத்துக்குத் தூக்கி நெடுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா டெய்லர் இடம் இல்லம்மா. ஹெல்பரா வர்றியா? நூல் வெட்டணும், பீஸ் எடுத்துக் குடுக்கணும். சம்பளம் கம்மி. அடுத்த மிஷின் காலியானா உனக்குத்தான். இது என் வார்த்தை.”

கஸ்தூரி கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “சாப்பாட்டு பெல்லு அடிச்சப்பறம் மிஷினு சும்மாதான மேடம் இருக்கும்?”

பெல் அடித்த பிறகு

மறுநாளிலிருந்து அவள் ஹெல்பர். சாப்பாட்டு நேரத்தில் பாதியைச் சாப்பாட்டுக்கும் பாதியை மிஷினுக்கும் கொடுத்தாள். பிலோமினா தன் மிஷினை அவளுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று, “குதிகாலு, குதிகாலு!” என்று அதட்டுவாள். கோடை முடிவதற்குள் காலர் லைனில் ஒரு பெண் கல்யாணம் ஆகி மறைமலை நகர் பக்கம் போய்விட்டாள். சரோஜா மேடம் யாரையும் கேட்காமல் கஸ்தூரியைக் கூப்பிட்டு அந்த ஸ்டூலில் உட்கார வைத்தார்.

அதோடு நிற்கவில்லை. என்னிடம் வந்து, “அந்த மூலைல ஒரு மிஷினைப் போட்டு வைங்க. கால் மிஷின்காரங்க வந்தா ஒரு வாரம் உக்காந்து பழகட்டும். அப்பறம் டெஸ்ட் வச்சுக்கலாம்,” என்றார். அதற்கு முன்பு எத்தனை நல்ல கைகளை இரண்டு சான்ஸில் திருப்பி அனுப்பினோமோ, யாருக்குத் தெரியும்?

சூப்பர்வைசராகப் போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. புதிதாக வந்தவர் தடுமாறினால், வேலை தெரியாது என்று எழுதிவிடாதீர்கள். இதற்கு முன்னால் எந்த மிஷினில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். பாதித் தடுமாற்றத்துக்குக் காரணம் அங்கே கிடைக்கும். மீதிக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் கஸ்தூரி ஒரு நாள் ஒரே சிரிப்பாக வந்தாள். தி.நகர் வீட்டுக்குப் பெண்ணைக் கூட்டிப்போக அந்த அக்கா முந்தின நாள் சாயங்காலம் வந்திருக்கிறாள். கஸ்தூரி கம்பெனியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. வீட்டில் அவள் புருஷன் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாராம். பெண் பக்கத்தில் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்ததாம்.

“இவரு இன்னா சொன்னாரு தெரியுமா அண்ணா?” என்று கஸ்தூரி மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “‘பொண்ணு ஒம்பதாவது போவுது, அது வராது. வூட்டு வேலைக்கு ஆளு வோணும்னா என்ன இட்டுகினு போ. சோறாக்குவேன், கொழம்பு வப்பேன். காலு மட்டும் கொஞ்சம் பாத்துக்கணும்’னாராம். அந்த அக்கா செருப்பக் கூட சரியா மாட்டாம ஓடிச்சாம்.”

சொல்லி முடித்துவிட்டு ஒரு காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.