தாழி கிடந்த காடு

பனமரத்துப்பட்டி அகழாய்வுக் குழியில், பானை ஓட்டின்மேல் தண்ணீர் தெளித்ததும் எழுந்த வாசனை என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போனது. அன்று இதே காட்டை அப்பா உழுதபோது எலும்புகளோடு ஒரு பழந்தாழி தென்பட்டது. பெரியப்பா கடப்பாறையால் அதை உடைத்தார்.

"பொணம் கெடந்த காடு, புள்ளைக்கு ஆகாது. எனக்கே குடுத்துரு" என்றார்.

எனக்காகப் பயந்து அப்பா அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். சாகும்வரை இங்கேயே கூலிக்குக் களை வெட்டினார்.

இன்று ஆய்வை நடத்துபவள் நான். பெரியப்பா வரப்பில் நின்று கெஞ்சினார். "மனை போட ஆள் வந்தாச்சு சாமி. குழிய மூடிரு."

"முழுக் காட்டையும் அரசாங்கம் எடுத்துக்கோணும்னு எழுதிட்டனுங்க பெரியப்பா."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிடைத்ததைத்தான் அறிக்கையில் எழுதியிருந்தேன். நேரில் சொன்னது மட்டும், அந்த முகத்தைப் பார்ப்பதற்காக.