கால் ஊன்றாத ஐந்து நாள்

மலாக்காவின் காஜா பேராங்கில் தங்குவதற்காக நான் வரவில்லை. குவாந்தான் பக்கம் மரம் ஏற்றும் லோரியில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிற வழியில், மலாக்காவில் கையிருப்பு தீர்ந்துபோயிற்று. நகராட்சியில் ரோடு போடும் ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த சாய்ப்பில் படுக்க இடம் கொடுத்தார். அவர் மனைவி அங்கேயே பிறந்த மலாக்கா செட்டிப் பெண். சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். என்னிடம் பேசும்போது தெரிந்த தமிழைப் பொறுக்கிச் சேர்த்துப் பேசுவாள். 'நீங்க' என்பது அதில் கிடையாது. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. அங்கிருந்தும் கிளம்பத் தயாராக இருந்த சமயத்தில்தான் குழந்தையின் இடது கண்ணுக்குள் ஏதோ வெள்ளையாக மின்னியது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பூனைக் கண் மாதிரி. கண்ணுக்குள் புற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வைத்தியம் சிங்கப்பூரில்தான். விட்டுவைத்தால் அடுத்த கண்ணுக்கும் போகும், மூளைக்கும் ஏறும். அங்கே கட்டில் கிடைக்க இன்னும் பல வாரம் ஆகும், அதற்குள் செலவுக்குப் புரட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

"தம்பி, சைக்கிள் சுத்துறவரோட இருந்தேன்னு ஒரு நாள் சொன்னியே" என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

இருந்தேன். தோட்டம் தோட்டமாகப் போய் இரவும் பகலும் நிற்காமல் சைக்கிள் ஓட்டும் ஒருவரோடு ஒரு வருஷம் சுற்றினேன். அவருக்குக் காய்ச்சல் கண்டபோது நானே ஓட்டியிருக்கிறேன். கால் தரையில் படக்கூடாது. சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேல். ஒதுங்க வேண்டுமென்றால் இரண்டு பேர் அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் படுதாவுக்குப் பின்னால் பலகை மேல் விடுவார்கள். தூங்கவே மாட்டேன் என்றால் அது பொய். கண் திறந்தபடி தூங்கலாம்; கைப்பிடி தானாகத் திரும்பிக்கொள்ளும். கடைசி நாள் இறக்கிவிடும்போது ஜனங்கள் சட்டையில் நோட்டுக் குத்துவார்கள். பெரிய வருமானம் அதில்தான். நடுவில் விழுந்தவனுக்கு யாரும் குத்துவதில்லை.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

அம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, வட்டம் போட்டார்கள். சுதந்திரத்துக்குக் கட்டிய காகிதத் தோரணம் சாயம் போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் காலையில் பூசாரி என் வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் காப்புக் கட்டினார்.

"வேண்டுதல் பிள்ளைக்குத்தானே சாமி, அவளுக்கும் கட்டிவிடுங்க" என்றார் வீட்டுக்காரர்.

குழந்தை கையை நீட்டியது. கட்டினார். காப்புக் கட்டினால் அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அங்கே நின்றிருந்த எல்லாருக்கும் தெரியும். திருவிழாவில் அது பழக்கம். யாருக்கும் அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நான் சுற்ற ஆரம்பித்தேன். வட்டத்துக்கு உள்ளே இருப்பவனுக்கு ஊர் துண்டு துண்டாகத்தான் தெரியும். கோப்பிக்கடை, ஒலிபெருக்கி, புளியமரம், ரோடு. மறுபடி கோப்பிக்கடை. நின்று பார்க்க முடியாது. வேறு பக்கம் திரும்பவும் முடியாது. எனக்கு வழக்கமாகக் கால் அரிக்கும், எங்கேயாவது போகச் சொல்லும். இப்போது அதே கால் ஓயாமல் மிதித்தும் எங்கேயும் போகவில்லை.

"அண்ணே, ஜோகூர் போயிட்டீங்களா, இல்ல இன்னும் மூவார்தானா?"

"டேய், அவரு தூங்கிட்டாருடா! சைக்கிள்தான் முழிச்சிருக்கு!"

சிரித்தவர்கள்தான் தட்டிலும் போட்டார்கள்.

மூன்றாம் நாள் பகலில் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். நான் ஒலிபெருக்கி மேசையைக் கடக்கும்போது, "கட்டில் கிடைச்சிருச்சு" என்பது காதில் விழுந்தது. அடுத்த சுற்றில், "நாளைக்குக் காலையில அங்க இருக்கணும். விட்டா எப்பன்னு சொல்ல முடியாது." அதற்கடுத்த சுற்றில் எல்லாரும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

திருவிழாக் கமிட்டிப் பெரியவர் மேசையைத் தட்டினார். "காப்போட எப்படிய்யா எல்லை தாண்டும்? நேந்துக்கிட்டதே அந்தக் கண்ணுக்கு. அம்மனை ஏமாத்திட்டு எந்த டாக்டர்கிட்டே காட்டப் போறே?"

"அவிழ்த்துடுவோம்" என்றார் டிரஸர்.

"பாதியில அவிழ்த்தா வேண்டுதல் முறிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். நீ பொறுப்பு ஏத்துக்குறியா?"

டிரஸர் ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் இறங்கிடுறேன்" என்று கத்தினேன். "வேண்டுதலை இன்னைக்கே முடிச்சிருங்க. ரெண்டு பேருக்கும் அவிழ்த்துடலாம்."

பதில் கேட்க ஒரு சுற்று போய்வர வேண்டியிருந்தது.

"அஞ்சு நாள்னு ஒலிபெருக்கியில சொல்லியாச்சு" என்றார் பெரியவர். "இறங்குனா ஒருத்தன் காசு தர மாட்டான். கட்டில்ல படுக்கவச்சுட்டு மருந்துக்கு என்ன பண்ணுவீங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது. நான் ஓட்டினால் குழந்தை போக முடியாது. நிறுத்தினால் போயும் பிரயோஜனமில்லை. மிதித்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது?

அப்போது குழந்தையின் அம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். குழந்தை இடுப்பில். என் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அண்ணே, கை நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டு. சைக்கிள் நிறுத்தாதே."

குழந்தையின் கைக் காப்பை முடிச்சு அவிழாமல் மெல்ல உருவினாள். சின்ன வளையம், என் கைக்குப் போகாது. இன்னொரு மஞ்சள் நூலை அதில் கோத்து, என் காப்போடு சேர்த்துக் கட்டினாள். ஒரு கையால் நான் ஓட்ட, அவள் மூச்சு வாங்க ஓட, அரைச் சுற்று ஆயிற்று. குழந்தைக்கு அது விளையாட்டு, சிரித்தது.

"யேய், என்ன பண்றே?" என்றார் பெரியவர்.

"அவிழ்க்கலே. முடிச்சு அப்படியே இருக்கு, பாரு" என்றாள். "அண்ணன் வச்சிருக்கும். அம்மன் கேட்டா அண்ணனைக் கேக்கட்டும். தாப்பா."

மலாயில் பரவாயில்லை என்று அர்த்தம். பூசாரி மோவாயைச் சொறிந்தார். "முறியலைதான்" என்றார். "கை மாறியிருக்கு." பெரியவர் முணுமுணுத்தார், ஆனால் வழியை மறிக்கவில்லை.

அம்மாவையும் குழந்தையையும் ஏற்றிப்போக டாக்சி வந்தபோது நான் புளியமரத்துப் பக்கம் இருந்தேன். ரோட்டுப் பக்கம் திரும்பி வருவதற்குள் அது போய்விட்டது.

அதுவரைக்கும், முடியாவிட்டால் விழுந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. அதுவும் போயிற்று. நாலாம் நாள் முழங்கால் வீங்கியது. எண்ணெய் தேய்த்தார்கள். ஐந்தாம் நாள் எனக்கு முன்னால் இல்லாத ரோடெல்லாம் தெரிந்தது. எதிலும் திருப்பவில்லை. இறக்கிவிட்டபோது கால் நீளவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். பூசாரி காப்பு இரண்டையும் அவிழ்த்தார். நோட்டுக் குத்தினார்கள். கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் அன்று மாலையே சிங்கப்பூர் போனார்.

நான் கிளம்பியிருக்கலாம். வீட்டில் கோழிகள் இருந்தன, தீனி போட ஆளில்லை. அதற்காகத்தான் இருந்தேன் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். வாசலில் கார் சத்தம் கேட்டால் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். குழந்தையின் இடது கண் இருந்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"எடுத்துட்டாங்க" என்றார் வீட்டுக்காரர். "அடுத்த கண்ணுக்குப் போகலையாம். உள்ளேயும் ஏறலையாம்."

இறக்கிவிட்டதும் குழந்தை கோழிகளைத் துரத்தி ஓடியது. இடது பக்கம் இருந்த தூண் தெரியாமல் அதில் போய் மோதியது. நான் எழுந்தேன்.

"விடு அண்ணே" என்றாள் அவள் அம்மா. "பழகணும்."

குழந்தை அழலாமா என்று ஒரு கணம் யோசித்தது. பிறகு கழுத்தை முழுக்கத் திருப்பி அந்தத் தூணைப் பார்த்தது. கையால் ஒரு முறை தடவிவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு ஓடியது.