கூடைக் கயிறு தோளில் இல்லை

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் நான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தடுப்பூசி போட்டபோது, அவசரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றாமல் கழுத்துப் பக்கம் இழுத்துக் காட்டினேன். தாதி தோள் மூட்டிலேயே குத்திவிட்டார். மறுநாளிலிருந்து கை மேலே எழும்பவில்லை.

“கூடை சுமந்தா தோள் வலிக்கத்தானே செய்யும்?” என்ற தோட்ட டிஸ்பென்சரி ஐயா, மருந்துத் துண்டுச் சீட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்.

“கூடைக் கயிறு தலையிலதாங்க கெடக்கு, தோள்லயா?” என்று கத்தினேன். யார் கேட்டது?

நட்டஈடு கேட்கப் போனால், “இந்தத் துண்டு இருக்கே, வழக்கு நிக்காதும்மா” என்றார் சட்டத்தரணி. நான் விடவில்லை, மனுப் போட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்றாமல் ஊசிக்கு நிற்பதில்லை. துண்டில் எழுதியதை வாசித்துக் காட்டும்வரை இடத்தைவிட்டு நகர்வதுமில்லை. வாசிக்கச் சொன்னால் எவ்வளவு கோபம் வருகிறது அவர்களுக்கு! வரட்டுமே, கை போனது எனக்குத்தானே!