சமத்துவ வாசல்

மைசூரில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகம், அதற்கு முன்னால் குதிரை லாயமாக இருந்தது. அரசர் காலத்துச் சாரட்டு வண்டிகள் வரிசையாக நின்ற கொட்டகைகளில், சுதந்திரத்துக்குப் பிறகு, கோப்புகள் வரிசையாக நின்றன. குதிரைகள் அவ்வப்போது நகர்ந்தன என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குப் புலப்பட்டதில்லை.

தெருவிலிருந்து உள்ளே போக ஒரே வழி. வளைந்த கூரையின் கீழ் இருபது தப்படி நீளம், ஒரு சாரட்டின் அகலம், ஒரு குகையின் இருட்டு. காலை வெயிலிலிருந்து அதற்குள் நுழைந்தால் கண் கட்டிவிடும். கண் தெளிகிற நேரத்தில் முற்றம் வந்துவிடும். முற்றத்தில்தான் அதிகாரிகளின் மோட்டார்கள் நிற்கும். கண் கட்டுவதற்கும் தெளிவதற்கும் இடைப்பட்ட அந்த இருபது தப்படியில், நடப்பவனும் மோட்டாரும் ஒரே நேரத்தில் அகப்பட்டுக்கொண்டால், அவரவர் விதி.

குதிரைகள் போய்வந்த நாளில் அங்கே யாரும் அடிபட்டதாகக் கேள்வியில்லை. குதிரைக்குக் கண் உண்டு. ஆளைக் கண்டால் தலையை ஒதுக்கும், காதை மடக்கும், புதுப்பெண் போலக் கூசி நிற்கும். மோட்டாருக்கும் கண்ணாடியில் இரண்டு பெரிய கண்கள் வைத்திருந்தார்கள். அவற்றைத் தினமும் துடைக்க ஆள் இருந்தது. பார்க்கத்தான் யாரும் இல்லை.

நடப்பவர்களுக்கென்று வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. வளைவை ஒட்டிய சுவரில் ஒரு திட்டி வாசல். முழங்கால் உயரப் படியைத் தாண்டி, தலையைக் குனிந்து நுழைய வேண்டிய சின்னக் கதவு. திட்டி என்றால் பார்வை. பெரிய வாசலுக்கு ஒரு கண் வைத்தாற்போல அதை வைத்திருக்கிறார்கள். அரசர் காலத்தில் சாதாரண ஜனங்கள் அதன் வழியாகத்தான் போய்வந்தார்கள். சுதந்திரம் வந்ததும், கொடியேற்றிய கையோடு, எங்கள் தலைமை அதிகாரி அந்தக் கதவை இழுத்துப் பூட்டினார். “இனிமேல் இந்த தேசத்தில் எவனும் குனிந்து நுழைய வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே வாசல்!” என்று பேசினார். நாங்கள் கை தட்டினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன்.

அன்று முற்றத்தில் இரண்டு கார்கள் நின்றன. சில வருஷங்களில் எட்டு ஆயின. அடிமைத்தனம் போன இடத்தில் ஆஸ்டின் வந்தது. திட்டி போயிற்று. டிரைவர்களின் திட்டு மிஞ்சியது.

எங்கள் பிரிவில் தட்டச்சு செய்தது ஒரு பெண். கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் நஞ்சன்கூட்டில் ஒரு மில்லில் ஃபிட்டர். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். அவள் மைசூரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, டிபன் கேரியரோடு நடந்து வருவாள். அப்போது ஐந்து மாதம்.

ஒருநாள் காலை குகைக்குள் ஒரு காரின் மட்கார்டு அவளை இடித்துச் சுவரோடு சாத்தியது. டிபன் கேரியர் நசுங்கியது. தோளில் ரத்தம் கட்டியது. வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் பிரிவில் மூச்சு வந்தது. நிர்வாகம் உடனே விழித்துக்கொண்டது. “வாகனம் உள்ளே வரும் நேரத்தில் தாங்கள் வாசலில் இருக்க நேர்ந்ததன் காரணம் என்ன?” என்று அவளிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை தயாரானது. அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அவள் ஒருத்திதான். ஆகவே அதை அவளே இரண்டு பிரதி அடித்து, ஒன்றை அவளே பெற்றுக்கொண்டு, கையெழுத்தும் போட்டாள்.

“என்ன பதில் எழுதப்போறீங்க?” என்று கேட்டேன்.

“வேலைக்கு வந்தேனுங்கன்னு எழுதியிருக்கறனுங்க. தப்புங்களா?”

அந்தப் பதில் திருப்திகரமாக இல்லை என்று கோப்பில் குறிக்கப்பட்டது.

ஆனாலும் தலைமை அதிகாரி கல்நெஞ்சர் இல்லை. மேலுகோட்டையிலிருந்து வந்த பழைய வைஷ்ணவக் குடும்பம். கையில் எப்போதும் ஒரு பொடி டப்பி, நாக்கில் எப்போதும் கன்னடத்தில் குழைத்த தமிழ். என்னைக் கூப்பிட்டார்.

“ஓய், நீர் வசனத்துலயே ஏதோ கவிதை எழுதறீராமே, நிஜமா?”

“ஏதோ கொஞ்சம், சார்.”

“கேட்டுக்கு ஒரு போர்டு எழுதிக் கொடும். மோட்டார்லாம் மெதுவா வரணும்னு. கன்னடத்துல இருக்கட்டும். ஸ்வல்ப சின்னதா. உம்ம கவிதை மாதிரி நீட்டப்படாது, தெரியறதா?”

நாடு எனக்கு அளித்த முதல் இலக்கியப் பொறுப்பு அது. ‘நிதானவாகி பன்னி’ என்று எழுத வேண்டும். நிதானமாக வாருங்கள் என்று அர்த்தம். இரண்டே சொற்கள். ராத்தூக்கம் கெட்டது. தமிழில் ‘த’ என்று ஒரே தகரத்தை வைத்துக்கொண்டு ஊரையே ஆளலாம். கன்னடத்தில் அதற்கு நாலு முகம். நம்மவர்கள் கன்னடம் எழுதினால் எந்தத் தகரத்துக்கு வயிற்றில் கீற்றுப் போடுவது, எதற்கு விடுவது என்று தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள் என்று அலுவலகம் முழுக்கச் சிரிப்பார்கள். அந்த அவமானம் எனக்கு வரக்கூடாது. கீற்றைக் கவனமாகப் போட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கச்சிதம். பெயின்டர் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி, பலகையை வளைவின் மேல் அறைந்துவிட்டுப் போனார்.

கீற்றைப் பார்த்த கண், பக்கத்தில் வரவேண்டிய துணைக்காலைப் பார்க்கவில்லை. காலை இழந்த ‘நிதானம்’ கன்னடத்தில் ‘நிதனம்’ ஆகிவிடும். நிதனம் என்றால் மரணம். ஆக, அரசாங்க அலுவலக வாசலில், சிவப்புப் பூச்சில், ஜனங்களுக்கு நான் விடுத்த அழைப்பு: செத்து வாருங்கள். காலால் நடப்பவர்களைக் காப்பாற்றுவதற்கென்று எழுதிய பலகையில் காலை மட்டும் விட்டிருந்தேன்.

மறுநாள் காலை தலைமை அதிகாரியின் டிரைவர் என்னை முற்றத்தில் மடக்கினார்.

“ஏன் ஸ்வாமி, நாங்க சத்துப்போயித்தான் உள்ளே வரணுமா? இல்லே, உள்ளே வந்து சத்தாப் போதுமா? ஸ்வல்ப கிளியரா ஹேளி!”

டைப்பிஸ்ட் தன் பங்குக்கு வந்தாள். “சாவுன்னு சொன்னது பத்தாதுன்னு, கடேசியில பன்னீன்னு வேற திட்டிப்போட்டீங்களேங்க!” கன்னடத்துப் ‘பன்னி’ ‘வாருங்கள்’ என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் சிரித்தாள்.

நான் வெட்கத்தில் சுருங்கிக் கிடந்த அந்த நாட்களில் ஓர் அதிசயம் நடந்தது. கார்கள் வாசலில் நின்றன. டிரைவர்கள் தலையை நீட்டிப் படித்தார்கள், பின்சீட்டில் இருந்தவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள், சிரித்தார்கள், சிரித்து முடித்து மெல்ல உருண்டு உள்ளே வந்தார்கள். வேறு அலுவலகங்களிலிருந்து ஜட்கா பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு வாரமும் குகைக்குள் யார் சுண்டுவிரலும் நசுங்கவில்லை. என் எழுத்தால் சமூகத்துக்கு நன்மை விளைந்த காலம் என்றால் அந்த இரண்டு வாரம்தான். பிழை திருத்தப்பட்டதும் அதுவும் முடிந்தது. துணைக்கால் வந்தது, இலக்கணம் வந்தது, பழைய வேகமும் வந்தது. சரியாக எழுதப்பட்ட பலகையை யார் படிப்பார்கள்?

அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம், வெளியேறிய கார் ஒன்றின் கதவுக் கைப்பிடியில் அவள் சேலைத் தலைப்பு மாட்டிக்கொண்டது. கார் நிற்கவில்லை. நாலு தப்படி இழுபட்டாள். சேலை கிழிந்ததால் பிழைத்தாள். நெசவு கொஞ்சம் உறுதியாக இருந்திருந்தால் வேறு கதை.

மறுநாள் மெஷினுக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க ஊட்டுக்காரரு சொல்லிப்போட்டாருங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேலைய வுட்டுட்டு ஊட்டுல இருன்னு. அவரு கோவத்துல சொல்லலீங்க. அழுதாருங்க. அதனாலதான் மறுத்துப் பேச முடியல.”

“பிரசவத்துக்கு அப்புறம் திரும்பி வரலாமே?”

“இந்த மிசினை இப்ப வுட்டா மறுக்கா தொட வுட மாட்டாங்க. எனக்குத் தெரியாதுங்களா?” என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். “பாருங்க, போன வருசம் எங்க கொள்ளேகால் தாலூக்காவே ஒட்டுக்கா நகந்து கோயமுத்தூரை வுட்டு மைசூர் ராஜ்யத்துக்குள்ள வந்து சேந்துச்சு. ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூட அடிபடல. நா ஒருத்தி இந்த வாசல்ல நொழையறதுக்குத்தானுங்க இத்தன பாடு.”

நான் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு தலைமை அதிகாரியிடம் போனேன். திட்டி வாசலைத் திறந்துவிட்டால் போதும், நடப்பவர்கள் அந்த வழியில், மோட்டார்கள் இந்த வழியில். அவர் படித்தார். முகம் சிவந்தது.

“ஜனங்களை மறுபடி குனிய வைக்கச் சொல்றீர், அல்லவா? எழுதறவர் நீரே இப்படிக் கேக்கலாமா?”

“சார், இப்போ எல்லாரும் பல்லி மாதிரி சுவரோட ஒட்டிக்கிட்டு வர்றாங்க.”

“ஒட்டிண்டாலும் நிமிர்ந்துதானேய்யா ஒட்டிண்டிருக்கா!”

இதற்கு மேல் ஜனநாயகத்தை யாராலும் விளக்க முடியாது. விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை. மழை விட்டிருந்தது. நான் வழக்கம்போலச் சுவரோரம் நழுவிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் அவள். ஓரத்தில் இல்லை. வளைவின் நட்டநடுவில், வலது கையில் புது டிபன் கேரியர், இடது கை இடுப்பில், கர்ப்பிணிகள் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து நடப்பார்களே, அந்த நடை. கோயில் தேர் நிலைக்கு வருகிற வேகம்.

பின்னால் தலைமை அதிகாரியின் கார். ஹாரன் குகைக்குள் பட்டுத் திரும்பிப் பட்டுக் காது செவிடாயிற்று. அவள் தோள்கூட அசையவில்லை. இன்னொரு ஹாரன். டிரைவர் தலையை நீட்டி, “ஏம்மா, காது கேக்கல்வா?” என்றார். கேட்டது. நடை மாறவில்லை. பின்கண்ணாடி இறங்கியது.

“என்னம்மா இது? ஓரமாப் போகப்படாதோ?”

அவள் திரும்பாமலே சொன்னாள்: “நிதானமா வாங்கன்னு போர்டு போட்டிருக்குதுங்களே சார். அதான் வர்றனுங்க.”

நான் சுவரோடு சுவராக நின்றிருந்தேன். சட்டையில் சுண்ணாம்பு. விண்ணப்பம் எழுதிய வீரன். என் கால்கள் எப்போது சுவரை விட்டன என்று நினைவில்லை. அவளுக்கும் காருக்கும் நடுவில், நானும் நிதானமாக நடந்துகொண்டிருந்தேன். முதுகில் மோட்டாரின் சூடு. எனக்குப் பின்னால் ரெக்கார்டு ரூம்காரர் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். யாரும் கோஷம் போடவில்லை. எல்லாரும் அலுவலகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

செவ்வாயும் அப்படியே. புதனன்று தெருவில் நாலு கார்கள் வரிசையில் நின்று, ஜட்காக்காரர்களிடம் ஏச்சு வாங்கின. அதிகாரிகள் எல்லாரும் தாமதம். எங்கள் அலுவலகத்தில் அதிகாரிகள் தாமதமாக வந்ததை ஜனங்கள் கண்ணால் கண்டது அப்போதுதான்.

வியாழக்கிழமை ஓர் ஆணை வந்தது. ‘வாகனங்களின் தடையற்ற போக்குவரத்தை முன்னிட்டுப் பாதசாரிகள் இனிப் பக்கவாட்டு வாசலைப் பயன்படுத்தவும்.’ நடப்பவன் சாகக்கூடாது என்பதற்காகத் திறக்காத கதவு, கார் நிற்கக்கூடாது என்பதற்காகத் திறந்தது. அதையும் அவளே அடித்தாள். அன்று அந்த மெஷின் போட்ட சத்தம் கல்யாண மேளத்துக்குக் குறைவில்லை.

சாவி துருவேறிப் பூட்டுக்குள்ளேயே முறிந்தது. பூட்டை உடைத்தார்கள். நாங்கள் எல்லாரும் முழங்கால் உயரப் படியில் காலைத் தூக்கி வைத்து, தலையைக் குனிந்து, மனித கௌரவம் ஒரு மயிரிழை குறையாமல் உள்ளே போனோம். அவள் மட்டும் படிக்கு முன்னால் நின்றாள். படியைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்.

“இதென்னங்க, காலையும் தூக்கோணும், தலையையும் குனியோணும். நடுவால இருக்கறத எங்கீங்க வெக்கறது?”

ஆகையால் அவள் மட்டும் பெரிய வாசல் வழியாகவே வந்தாள். அதற்குள் டிரைவர்களுக்கு அவள் நேரம் பழகிவிட்டது. தலைமை அதிகாரியின் டிரைவர் தெருவிலேயே வண்டியை நிறுத்தி, அவள் முற்றத்துக்குப் போய்ச் சேரும்வரை இறங்கி நின்று பீடி குடித்தார். அதை மரியாதை என்று நான் எழுதமாட்டேன். பீடிக்கு ஒரு சாக்கு. தலைமை அதிகாரி உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவள் போனபின்பும் ஒரு பக்கம் கூடுதலாகப் படிப்பார்.

கடைசி வாரம்வரை வேலைக்கு வந்தாள். விடுப்பு விண்ணப்பத்தைத் தானே அடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நஞ்சன்கூட்டு ரயிலை ஒருநாள் விட்டுவிட்டு, கணவர் வாசலில் வந்து காத்திருந்து கூட்டிப்போனார். அந்த வளைவை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பெண் குழந்தை. விடுப்பு முடிந்த அன்று காலை நாங்கள் நாலைந்து பேர் முற்றத்தில் நின்றோம், தற்செயலாக நிற்பதுபோல. அவள் இளைத்திருந்தாள். முதல்முறையாகத் திட்டி வாசலில் காலைத் தூக்கி வைத்தாள். பழக்கமில்லாததால் குனிந்தது போதாமல், மேல் நிலையில் நெற்றி ‘ணங்’கென்று இடித்தது. ஓடினோம்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து சிரித்தாள்.

“மொதல்ல காரு இடிச்சுது. இப்பக் கதவுதானுங்க இடிக்குது. முன்னேத்தந்தானுங்களே!”

சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய் மெஷின் மூடியைத் திறந்தாள்.