நிமிர்த்தி வைத்த படகு

பைபர் படகைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். நீளவாக்கில் மெத்தென்று முட்டுக் கொடுத்து, மேலே தார்ப்பாய் போர்த்த வேண்டும். சின்னமனூரில் இருபது வருடமாகப் பைபர் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, தண்ணீர்த் தொட்டி, எப்போதாவது ஒரு படகு. இந்தப் பாடத்தை வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஓதியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் என் தங்கை வீட்டுக்காரரின் படகை எங்கள் ஓடைப்பட்டித் தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்கு அடியில், இரண்டு கல்தூண்களைப் படுக்கப் போட்டு அதன்மேல் நிமிர்த்தி வைத்தேன். ஐந்து வருடம் அப்படியே கிடந்தது.

மாப்பிள்ளை வைகை அணையில் மீன் பிடித்தவர். ஒருநாள் காலையில் படகு மட்டும் பாதி மூழ்கிக் கரை ஒதுங்கியது. அவர் மறுநாள்தான் கிடைத்தார். முன்பு நன்றாகக் குடிப்பார். பிறகு கோயிலில் பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டு விட்டுவிட்டார். கயிறு கட்டியவன் மறுபடி குடித்தால் சாமி சும்மா விடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெரிய காற்றில்லை, நீச்சல் தெரிந்த மனிதர், பிறகு எப்படிச் செத்தார்? ஊர் தானே பதிலும் சொல்லிக்கொண்டது. கயிறோடு குடித்திருக்கிறான், சாமி தூக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நீரில் மூழ்கிச் சாவு என்று மட்டும் இருந்தது. ஊருக்கு அது போதவில்லை. எழவு வீட்டில் என் காதுபடப் பேசினார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அவர் சாவதற்கு ஒரு மாதம் முன்னால், பாறை கிழித்த அந்தப் படகின் முன்னடியில் ஒட்டுப் போட்டவன் நான். படகை வேறு யாரும் புரட்டிப் பார்க்கும் முன்னால் நானே போய் வண்டியில் ஏற்றி வந்தேன். கவிழ்த்து வைத்தால் அடி தெரியும். அதனால் நிமிர்த்தி வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு படகையே பந்தலுக்கடியில் மறைத்தேன்.

உச்சிவெயிலில் அதன் அடித்தட்டு சூடேறி ‘டப்’ என்று புடைக்கும். மேகம் மறைத்தால் மறுபடி ‘டப்’ என்று உள்ளே வாங்கும். பைபர் அப்படித்தான், அதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. பழம் வெட்ட வந்த பெண்கள், “ஒங்க மாப்ள தட்றாக” என்று கேலி பேசினார்கள். நான் அவர்கள்மேல் எரிந்து விழுந்தேன். அதன்பிறகு மதியத்தில் தோட்டத்துப் பக்கம் போவதை விட்டேன். சின்னமனூர்ப் பட்டறையில் உட்கார்ந்திருந்தாலும் பன்னிரண்டு மணிக்கு அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.

போன தை மாதம் தங்கை வந்தாள்.

“அண்ணே, மீன்புடி சங்கத்துல அவுக எடத்த எனக்கே குடுத்துட்டாக. படகச் சரிபண்ணிக் குடு. நானே போறேன்.”

“ஏத்தா, அதுவா? அங்கன கெடந்து வீணாப் போச்சு. வேற பாப்போம்.”

“அதுதான் வேணும். படகு என்ன செஞ்சுச்சு? குடிச்சது அவுகதான?”

இனி அதில் ஏறப்போவது அவள்.

பட்டறைக்குக் கொண்டுவந்து முதல்முறையாகக் கவிழ்த்தேன். கல் இரண்டும் அழுத்திய இடங்களில் பள்ளம். நடுமுதுகு தொய்ந்திருந்தது. பின்பக்கம் தாழ்ந்திருந்ததால் மழைநீர் அங்கே தேங்கியிருந்தது. போதாததற்குத் தோட்டத்து ஆட்கள் அதையே தொட்டியாக்கித் திராட்சைக்கு அடிக்கும் மயில்துத்த மருந்தைக் கலக்கியிருக்கிறார்கள். பின்கல் பக்கத்து விரிசல்களெல்லாம் நீலம் பாரித்திருந்தன. அடியெங்கும் கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினேன், வினிகர் மாதிரி புளித்த நெடியோடு நீர் வழிந்தது.

தொய்ந்த முதுகுக்கு ஜாக்கி கொடுத்து, நாளுக்குக் கொஞ்சமாகத் தூக்கி நிமிர்த்தினேன். விரிசல்களைக் கிரைண்டரால் சரிவாக அகட்டி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிட்டேன். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பாலிதீன் தாளை நாலுபுறமும் டேப் போட்டு ஒட்டி வைத்தால், உள்ளே ஈரம் இருக்கிறவரை மறுநாள் காலையில் தாளின் உள்பக்கம் துளி கோத்திருக்கும். ஒவ்வொரு இடமாகத் துளி கோப்பது நின்றது. பங்குனி வெயில் வந்தபின்னும் நிற்காதது ஓர் இடம்தான். முன்னடியில், என் ஒட்டு.

தினமும் காலையில் பட்டறையைத் திறந்ததும் அங்கேதான் போவேன். தாளுக்குள் வரிசையாகத் துளி. படகு வேர்க்கிறது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

ஒருநாள் சுத்தியல் காம்பால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் கணீரென்றது, ஒட்டு மட்டும் ‘பொத்’ என்றது. உளியை ஓரத்தில் கொடுத்து நெம்பியதும் முழு ஒட்டும் கையோடு வந்துவிட்டது. நன்றாகப் பிடித்த ஒட்டு, பைபர் நாரைக் கிழித்துக்கொண்டுதான் வரும். இது வாழையிலையிலிருந்து தோசையை எடுப்பதுபோல வந்தது. உள்ளே நீலம் இல்லை, எங்கள் தோட்டத்துச் செம்மண்ணும் இல்லை. அணையின் கருவண்டல், அதில் மிளகளவு ஒரு நத்தை ஓடு. ஒட்டு அணையிலேயே வாய் பிளந்திருக்கிறது.

அப்போது, அந்த ஒட்டைப் போடும் முன் மூன்று நாள் காயவிட்டிருக்க வேண்டும். ஒரு கோயில் வேலைக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. பாலிதீன் ஒட்டிப் பார்க்கவில்லை, படகு வந்த அன்று சாயங்காலமே ஈரத்தின்மேல் ஒட்டிவிட்டேன். மாப்பிள்ளை கேட்டார், “காஞ்சிருச்சா மச்சான்?” காய்ந்துவிட்டது என்றேன்.

ஒட்டைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டேன். வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஊர் பேசியபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள் அந்தத் துண்டை விரித்து, வண்டலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அப்ப அவுக குடிக்கலையா?”

“இல்லத்தா.”

“கயித்தோட குடிச்சாகன்னு, அஞ்சு வருசமா அவுக படத்துக்கு நான் ஒரு பூ வைக்கலண்ணே.”

கிரைண்டர் தூசி படிந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, ஒட்டைத் துண்டோடு எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“இந்தவாட்டியாச்சும் காயவிட்டு ஒட்டு.”

துளி கோப்பது நின்று பதினைந்து நாள் ஆகிவிட்டது. இன்றும் காலையில் தாளைப் பிரித்துப் பார்த்தேன், உலர்ந்துதான் இருந்தது. ஆனாலும் நாளையும் பார்க்கப் புதுத் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன்.