எண்ணாமல் விட்ட முப்பத்தொரு நாட்கள்

யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோன மறு வருடம், எங்கள் சவர்க்காரத் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்ற கதை அடிபட்டது. அது வெறும் கதையல்ல என்பது கந்தோரில் எழுத்து வேலை பார்த்த எங்கள் இருவருக்கும் முதலே தெரியும். கோஸ்டிக் சோடாவை ஆமி வவுனியாவுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர விடவில்லை. அது இல்லாமல் தேங்காயெண்ணெயை எவ்வளவு காய்ச்சினாலும் எண்ணெய்தான். கிழமைக்கு இரண்டு நாள் அடுப்பு எரிந்தால் பெரிய காரியம்.

நான் வேலையாட்களின் வரவைப் பதியும் இடாப்பையும் கடிதங்களையும் பார்த்தேன். எதிர் மேசையில் இருந்தவர் களஞ்சியத்தைப் பார்த்தார். வட்டுக்கோட்டைக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவர். இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினேழு வருடம் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் இருந்து எழுதியிருக்கிறோம்.

“சாமானும் இல்லை, சவர்க்காரமும் இல்லை,” என்பார். “இனி நீர் ஆரின்ரை வரவைப் பதியப்போறீர் காணும்? சுவரிலை ஓடுற பல்லியின்ரை பேரைப் போடும். உவர் எண்டாலும் ஒருநாளும் பிந்தி வாறேல்லை.”

ஒருநாள் காலை முதலாளி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தொழிற்சாலையைத் தொடங்கியவர் அவருடைய தகப்பன். மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். முகம் பார்த்து ஆட்களை நிறுத்தக்கூடாது, புள்ளி போட்டுக் குறைந்தவர்களையே நிறுத்தவேண்டும் என்று நினைத்தார். சேவைக்காலம், வேலைத் திறமை, ஒழுக்கம், வரவு என்று நான்கு விடயங்கள். முதல் மூன்றுக்கும் அவரே புள்ளி போட்டிருந்தார். கடைசிக்கு, இரண்டு வருட இடாப்பைப் பார்த்து ஒவ்வொருவரும் வராத நாட்களை நான் எழுதிக் கொடுக்கவேண்டும்.

“கந்தோரிலையும் ஒராளைத்தான் வைச்சிருக்கலாம்,” என்றார். “உங்கடை நாளையும் நீங்களே எண்ணவேண்டிக் கிடக்கு. என்ன செய்யிறது, இடாப்பு உங்களிட்டைத்தானே.”

அவர் தந்த தாளில் எங்கள் இருவரின் பெயர்களும் அடுத்தடுத்து இருந்தன. சேவைக்காலமும் ஒழுக்கமும் சமன். திறமையில் அவருக்கு என்னைவிட இரண்டு புள்ளி கூட. அது நியாயமான புள்ளி. வரவில் நான் அவரை இரண்டு புள்ளிக்கு மேல் முந்தினால் ஒழிய, போகவேண்டியவன் நான்.

இங்கே எங்கள் தொழிற்சாலையின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். காய்ச்சும் கொட்டிலின் வாசலில் ஒரு சிறிய பிள்ளையார் இருந்தார். அவருக்குக் கற்பூரம் காட்டிய பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். அதனால் குடும்பத்தில் சாவு விழுந்து துடக்கு உள்ளவன் முப்பத்தொரு நாள் முடியும்வரை வளவுக்குள் வரக்கூடாது என்பது பழைய முதலாளியின் கட்டளை. அந்த நாட்கள் வராத நாட்களாக எண்ணப்படுவதில்லை.

அந்த இரண்டு வருடத்தில் முதல் வருடம் என் சிறிய தகப்பனார் இறந்தார். வேலிப் பிரச்சினையில் பதினொரு வருடம் நாங்கள் கதைத்ததில்லை. செத்தவீட்டில் ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு வந்தேன். ஆனாலும் துடக்கு துடக்குத்தான். முப்பத்தொரு நாள் வீட்டில் நின்று மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன். அந்த நாட்களில் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர் எதிர் மேசைக்காரர்.

அவருடைய அண்ணை உடுப்பிட்டியில் ஷெல் விழுந்து இறந்ததும் அந்த வருடந்தான். பாதைகள் அடைபட்டிருந்தன. பதினான்கு நாள் கழித்துத்தான் அவரால் திரும்பிவர முடிந்தது. கிறிஸ்தவருக்குத் துடக்கு இல்லை. அவருடைய பெயருக்கு நேரே பதினான்கு சிவப்புக் கோடுகளைப் போட்டவன் நான்.

மற்ற இரண்டு நாளோடு சேர்த்து, தாளில் அவருக்குப் பதினாறு என்று எழுதினேன். எனக்கு மூன்று. இரண்டு வீட்டிலும் நடந்தது சாவுதான் என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம். முதலாளி வாசித்திருப்பார். நான் எழுதவில்லை.

“வழக்கப்படிதானே எண்ணினனீங்கள்?” என்று முதலாளி கேட்டார்.

“ஓம், வழக்கப்படிதான்,” என்றேன். சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யை அடுத்த கிழமைக்கு வைத்திருந்தேன்.

நிறுத்தப்படுபவர்களின் பெயர்ப்பட்டியலை வாசலில் ஒட்டினார்கள். மறுப்பு உள்ளவர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. எதிர் மேசைக்காரர் வாசித்துவிட்டு வந்து தன் கதிரையில் இருந்தார்.

“எப்பிடிக் காணும் ஆக்களைத் தெரிவுசெய்தவை?”

“முதலாளிதான் பாத்தவர். எனக்குத் தெரியாது.”

“புள்ளி போட்டதெண்டு கொட்டிலிலை கதைக்கினம். உமக்குக் காட்டேல்லையோ?”

“இல்லை.”

அந்தத் தாளை நான் அவருக்குக் காட்டியிருந்தால், என் பெயருக்கு நேரே மூன்று என்று இருப்பதைப் பார்த்திருப்பார். எனக்காகத் தான் வேலை செய்த முப்பத்தொரு நாட்களை அவர் மறந்திருக்கமாட்டார்.

“அப்ப என்ரை வேலையிலைதான் ஏதோ பிழை,” என்றார். “போன மாதம் ஒரு எண்ணெய்ப் பீப்பாவைப் பதியாமல் விட்டனான். அதோ தெரியாது.”

“இருக்கலாம்,” என்றேன்.

“ஒரு மறுப்பு எழுதிக் குடுப்பமோ? உம்மடை கைதான் திறம். எழுதித் தாருமன்.”

“எழுதினால் முதலாளிக்கு மனம் நோகும். பிறகு நற்சான்றிதழும் வடிவாத் தரமாட்டார்.”

சரியென்று தலையாட்டினார். கோப்புகளை அடுக்கி, களஞ்சியப் பூட்டின் திறப்பை என் மேசையில் வைத்தார். “மிளகாய் காய்ச்சால் கொஞ்சம் கொண்டுவந்து தாரும்,” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். ஏழு நாளும் போயின.

யாழ்ப்பாணத்தில் வேலை கிடைக்காமல் வன்னிக்குப் போனார். அங்கே ஒரு சங்கக் கடையில் மனேச்சராக இருந்தார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாரியில் மலேரியா தலைக்கு ஏறி இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நான் அவருடைய கதிரையைப் பார்த்தபடி தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயரும்வரை வேலை செய்தேன்.

அவர் இறந்து ஒரு மாதத்தின் பின் வட்டுக்கோட்டை வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து தந்துவிட்டு எதிரில் இருந்தார்.

“அண்ணை, ஒண்டு கேக்கவேணும். அவற்றை வேலையிலை பிழையெண்டோ நிப்பாட்டினவை? காய்ச்சலுக்கையும் இதைத்தான் சொல்லிப் பிசத்தினவராம்.”

“இல்லைத் தங்கச்சி. அவற்றை வேலை திறம்.”

“அப்ப ஏன் அண்ணை?”

கேள்வியில் கோபம் இல்லை. அறிந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்பது மட்டுமே இருந்தது. அதற்கு விடை தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

“காலம் அப்பிடி,” என்றேன்.

அவர் என்னை நம்பினார். “நீங்கள் வந்து சொன்னதே காணும்,” என்றார். பிறகு ஒருநாளும் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.