அன்றைக்கும் கியர் வேலை செய்தது

முருகனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லி ஆரம்பிக்கிறேன். நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு முருகன் எனக்கு என்ன செய்தான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில் அந்தப் பொய்யைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இரத்தினபுரிப் பக்கம் ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தோட்டப் பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேல் டிவிசனில் சொந்த வீடு. என் மனைவி கமலத்துக்கு முதுகெலும்பில் நோய். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், வலியில் முகம் வெளுத்துவிடும். கதிர்காமம் போக வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை. பஸ்ஸில் அது நடக்காத காரியம்.

கொழும்பில் இருக்கும் மகன்தான் அந்த வேனைக் கண்டுபிடித்தான். பழைய ஜப்பான் வேன். நாலு வீலும் இழுக்கும். உள்ளே மடித்து விரிக்கிற கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை. பக்கத்தில் ஒரு கம்பியை இழுத்தால் கூடாரம் போல் துணி விரியும். வெள்ளைக்காரப் பயணிகளுக்காக ஒருவர் செய்து வைத்திருந்ததாம். "அப்பா, அம்மா படுத்துக்கிட்டே கதிர்காமம் போகலாம். பிள்ளைங்களும் வருவாங்க" என்றான்.

இரத்தினபுரிக்குப் போய்ப் பார்த்தோம். அடியில் குனிந்து துருவைத் தேடினோம். எண்ணெய் ஒழுகுகிறதா என்று பழைய கடதாசியை விரித்து வைத்துக் காத்திருந்தோம். விற்றவர் சிங்களவர், நல்ல மனிதர். கியருக்குப் பக்கத்தில் இருந்த ஃபோர்வீல் கியரின் சின்னக் கைப்பிடியைத் தட்டிக் காட்டி, "மேக்க ஓன கந்தக் நகினவா, மாத்தயா" என்றார். இது எந்த மலையையும் ஏறும் என்று அர்த்தம். அந்த வார்த்தை என் காதில் இன்னும் இருக்கிறது.

வைகாசி மாதம், மழை தொடங்கிய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை வேன் வீட்டுக்கு வந்தது. தோட்டத்துக் கோயில் பூசாரி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். "முருகா, இந்த வண்டியின் முதல் பயணம் உன் சந்நிதிக்குத்தான். அதுவரைக்கும் வேறு எங்கேயும் போகாது. ஒரு தீட்டும் படாது." ஞாயிற்றுக்கிழமை விடிய முன் புறப்படுவதென்று முடிவு.

சனிக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. யோகன் ஓடி வந்தான். பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் பையன், என்னிடம் படித்தவன். அவன் மனைவி செல்விக்கு நாளுக்கு முந்தியே வலி வந்துவிட்டது. அம்புலன்ஸ் கீழே ஸ்டோர், அதுதான் தேயிலைத் தொழிற்சாலை, வரைக்கும்தான் வருமாம். அதற்கு மேலே பாதை முழுக்கச் சேறு. த்ரீவீலர் ஏறாது.

"சேர், வேன குடுங்க சேர். அவ தாங்க மாட்டா."

நான் வாசலில் நின்றேன். வேனில் மாலை வாடாமல் தொங்கியது. எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். பிரசவ இரத்தம் படும். நாளைக்குக் காலையில் இதை எப்படிச் சந்நிதிக்குக் கொண்டு போவது? தீட்டு என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. நான் படித்தவன் இல்லையா? அதனால் பொய் சொன்னேன்.

"ஃபோர்வீல் கியர் விழுதில்ல யோகன். வழியில நின்னுட்டா இன்னும் ஆபத்து. டிரக்டர பாரு."

அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு மழையில் ஓடிவிட்டான். திரும்பினால் கமலம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் விடிகிற நேரம் மகன் குடும்பத்தோடு புறப்பட்டோம். வளைவில் தோட்டத்து டிரக்டர் சேற்றில் புதைந்து கிடந்தது. லயத்து ஆட்கள் சுற்றி நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தச் சின்னக் கைப்பிடியை இழுத்தேன். வேன் கரையில் ஏறி, டிரக்டரைச் சுற்றிக்கொண்டு, ஒரு தடவைகூட வழுக்காமல் மறுபக்கம் இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். கொழுந்தெடுக்கிற ராசம்மா என் ஜன்னல் அருகில் வந்து குனிந்தாள்.

"என்னா சேர், கியரு நல்லாயிருச்சா?"

"முருகன் புண்ணியம்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினேன். செல்விக்கு என்ன ஆனதென்று கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

எம்பிலிப்பிட்டியில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் கமலத்தின் போனில் சிக்னல் வந்து, ஊரிலிருந்து சேதி கிடைத்தது. டிரக்டர் புதைந்ததும் செல்வியை நாற்காலியில் உட்கார வைத்து, கம்பு கட்டி, மழையிலே கீழே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நேரம் கடந்துவிட்டது. கமலம் போனை மடியில் வைத்தாள்.

"புள்ள தங்கலையாம்" என்றாள். பிறகு, "திரும்பிப் போயிரலாங்க" என்றாள்.

"வேண்டுதல் பாதியில நிக்கக் கூடாது" என்றேன்.

அவள் கட்டிலை விட்டு எழுந்து முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் அந்தக் கட்டிலில் படுத்ததில்லை. வலி எவ்வளவு வந்தாலும் உட்கார்ந்துதான் வருவாள்.

கதிர்காமத்தில் சந்நிதியில் விக்கிரகம் தெரியாது, திரைதான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். சனம் அரோகரா சொல்லியது. பேரப்பிள்ளைகளும் சொன்னார்கள். நான் கொண்டு போன பழத்தட்டைத் தலைக்கு மேலே தூக்கப் பார்த்தேன். கை எழவில்லை. திரைக்குப் பின்னால் இருப்பவன் என்னைப் பார்க்கிறான், என் திரைக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்கிறான் என்று தோன்றியது.

திரும்பி வந்ததும் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு யோகன் வீட்டுக்குப் போனேன். அப்படி ஒரு முட்டாள்தனம். யோகன் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தான், நிமிரவில்லை. செல்வி வாசலுக்கு வந்தாள். நெஞ்சை ஈரத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, என்னால உதவ முடியாமப் போச்சு" என்றேன்.

"எங்க வீடு தீட்டு வீடு சேர். சாமி பிரசாதத்த இங்க வைக்காதீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

அதற்குப் பிறகு லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். யாருக்கு எந்த நேரம் தேவையென்றாலும் வேன் இருக்கிறது, ஒரு சதம் வேண்டாம் என்றேன். சரிங்க சேர் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. ஒரு தடவை காய்ச்சல்காரக் கிழவர் ஒருவரை நாற்காலியில் தூக்கிக்கொண்டு என் வாசல் கேற்றைத் தாண்டிப் போனார்கள். நான் சாவியோடு ஓடினேன்.

"பரவால்ல சேர். உங்க கியருக்கு எதுக்குக் கஷ்டம்?" என்றான் ஒருவன். தூக்கியவர்கள் சிரித்தார்கள். நாற்காலியில் இருந்த கிழவரும் சிரித்தார்.

வேனை விற்றுவிட நினைத்தேன். கேட்டு ஆளும் வந்தது. கமலம்தான் மறித்தாள். "வித்துட்டா நீங்க மறந்துருவீங்க. நிக்கட்டும்."

நின்றது. மழையிலும் வெயிலிலும் வாசலில் நின்றது. எனக்குத் தூக்கம் போனது, சாப்பாடு போனது. வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துக் கோயிலில் போய் நிற்பேன். எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். "முருகா, அந்தப் பிள்ளை செல்வி ஒரு தடவை இந்த வண்டியில் ஏற வேண்டும். எதற்காக என்றாலும் சரி." ஒரு வருஷத்துக்கு மேல் கேட்டேன். அவன் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷமும் என் பொய் என் வாயிலேயே இருந்தது. முடியாமல் போனது என்று சொன்னேனே தவிர, பொய் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. முருகனிடமும் சொல்லவில்லை. அதுதான் தடை என்று எனக்குப் புரியவே இல்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் செல்வியின் அப்பா முத்தையா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தாயில்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவர். டவுனில் இருந்து வந்த வண்டி உடலை ஸ்டோரில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. மேலே அதே சேறு. யோகன் என் கேற்றில் வந்து நின்றான், நனைந்துபோய். அன்றைக்கு நின்ற அதே இடம்.

"சேர்," என்றான். "கியர் வேலை செய்யுதா?"

அவன் குத்திக் கேட்டானா, சாதாரணமாகக் கேட்டானா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆம் என்று சொன்னால் போதும், சாவியை எடுக்கலாம். என் வாயில் வேறு வார்த்தை வந்தது. அது நானாகச் சொன்னதில்லை என்று நம்புகிறேன்.

"அன்னைக்கும் வேலை செஞ்சிச்சு, யோகன். தீட்டுப் படுமேன்னு பொய் சொன்னேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியும் சேர். அவளுக்கும் தெரியும். நீங்க உங்க வாயால சொல்லணும்னுதான் இருந்தா." பிறகு, "வாங்க, போவம்" என்றான்.

முத்தையாவை அந்தக் கட்டிலில் படுக்க வைத்தோம். செல்வி தகப்பனின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டாள். கைப்பிடியை இழுத்தேன். வேன் ஏறியது. டிரக்டர் புதைந்த வளைவைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"அன்னைக்கு இதுல போயிருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் சேர்?"

மழை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம்.

"அரை மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், அம்மா."

அவள் அழுதாள். தகப்பனுக்காக அழுகிற அழுகை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றரை வருஷமாக அழாமல் வைத்திருந்த அழுகை. யோகன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்குப் பாதை தெரியவில்லை. நான் கேட்டது இதுதான். அவள் ஏற வேண்டும் என்று கேட்டேன், எதற்காக என்றாலும் சரி என்று கேட்டேன். முருகன் கொடுத்துவிட்டான்.

அதன் பிறகு வேனை நான் கழுவவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளிக்கவில்லை, எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. அந்தத் தீட்டு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கருமாதி முடிந்த மறுநாள் காலையில் சத்தம் கேட்டு வெளியே வந்தால், செல்வி வேனுக்குள் இருக்கிறாள். பக்கத்தில் வாளி. கட்டில் விரிப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கமலம் வலியோடு படியில் உட்கார்ந்து தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கும்மா?" என்றேன்.

"யாருக்காச்சும் தேவப்படும் சேர்" என்றாள், திரும்பாமலே. "சுத்தமா இருக்கணும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து சனம் கேற்றுக்கு வரத் தொடங்கியது. காய்ச்சல், பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தவன், பிரசவம். பிரசவம் என்றால் செல்வியும் வருவாள், யாரும் கூப்பிடாமலே. கட்டிலில் படுத்திருக்கிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காருவாள். அவளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. போன மாசி மாதம் ராசம்மாவின் மகளைக் கொண்டு போனோம். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். செல்வி மட்டும் வேனிலேயே இருந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்குள் அவள் காலெடுத்து வைப்பதில்லை. நான் ஸ்டியரிங்கில், அவள் பின்னால். ராசம்மா வெளியே ஓடி வந்து, பெண் பிள்ளை என்றாள். செல்வி பச்சைத் திரையை விலக்கி வெளியே பார்த்து, "முருகா" என்றாள். அவ்வளவுதான்.

கதிர்காமத்துக்கு நான் மறுபடி போகவில்லை. முதல் பயணத்தை அவனுக்கென்று வைத்தேன், அவன் அதை அன்று சனிக்கிழமை மத்தியானமே கேட்டு என் வாசலுக்கு வந்தான், நான் கொடுக்கவில்லை. இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பிரார்த்தனையைக் கேட்டானா என்று கேட்பவர்களுக்கு, கேட்டான் என்று சொல்வேன். இறந்த பிள்ளையைத் திருப்பித் தரவில்லை. என் வாயைத் திறந்து விட்டான். உங்களில் யாராவது என்னைப் போல் பல நாளாக வேண்டிக்கொண்டு, பதில் இல்லையே என்று நிற்கிறீர்களா? யாரிடமாவது சொல்லாமல் வைத்திருப்பது ஏதும் இருந்தால், முதலில் அவர்கள் வாசலுக்குப் போங்கள். சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு அவனை நம்பி நில்லுங்கள். அவன் கைவிட மாட்டான்.

மழை பிடித்துவிட்டது. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். கமலம் சாவியைக் கொண்டு வருகிறாள்.